நிறுத்தச் சொல்வதில் என்ன மரியாதை

1

எனக்குச் சோறு போடுகிற தொழில், ஜனங்களைப் பயமுறுத்துவது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது, அளவாகப் பயமுறுத்த வேண்டும். வெலிங்டன் நகரத்துக்குத் தண்ணீர் விடுகிற ஒரு நிறுவனத்தில் நான் அறிவிப்பு எழுதுகிறவள். குழாயில் கலங்கல் வந்தால், எங்காவது சாக்கடை கலந்தால், காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்கிற கை என்னுடையது. ஆபத்தில்லாத நாட்களில் அதே கை நிறுவனத்தின் பெருமையை எழுதும். புதுத் தொட்டி திறந்தோம், புதுக் குழாய் பதித்தோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீர் குடித்துச் சிரிக்கிறார்கள் என்கிற ரகம்.

வந்த புதிதில் நான் எழுதிய முதல் ஆபத்து அறிவிப்பை என் மேலதிகாரி ஜூடித் இன்னும் மறக்கவில்லை. மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே என்று தொடங்கி, அவர்களுடைய நல்லாதரவுக்கு நன்றி சொல்லி, நேர்ந்த சிரமத்துக்கு மேலும் கீழும் வருந்தி, இயன்றால் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் உள்ளே ஓடியது முழுக்க எங்கள் கோயமுத்தூர்.

"ரொம்ப அன்பாக இருக்கிறது. தண்ணீர் கெட்டுப்போன விஷயம் இதில் எங்கே?" என்று கேட்டாள் ஜூடித்.

கடைசிப் பத்தியில் இருந்தது. காட்டினேன்.

"அங்கே வந்து சேர்வதற்குள் அவர்கள் ஒரு டம்ளர் குடித்து முடித்திருப்பார்கள்" என்றாள்.

அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். முதல் வரியில் ஆபத்து. அடுத்த வரியில் என்ன செய்ய வேண்டும். வருத்தம், நன்றி எல்லாம் கடைசியில், இடமிருந்தால். பெருமை எழுதும்போது குரலை இளக்க வேண்டும், ஆபத்து எழுதும்போது இறுக்க வேண்டும். சொல்லிவிடலாம். சண்டை வந்தால்கூட "ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா" என்று கேட்கிற ஊரில் பிறந்தவளுக்கு அது லேசில் வருமா? பல வருஷம் பிடித்தது. போதாக்குறைக்கு எங்கள் சட்டப் பிரிவு. நான் 'ஆபத்து' என்று எழுதி அனுப்பினால் அவர்கள் 'அசௌகரியம்' என்று மாற்றித் திருப்பி அனுப்புவார்கள். நான் மறுபடி ஆபத்தாக்குவேன். ஒரு அறிவிப்பு மேசை மேசையாகச் சுற்றி வெளியே போவதற்குள் யார் வீட்டுக் குழந்தை குடித்துக்கொண்டிருக்கிறதோ என்று நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்போது இந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று பேர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வகுப்புகூட எடுக்கிறேன். இந்த லட்சணத்தில் போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2

என் அண்ணன் சாமுவேல், கோவை கணபதி பகுதியில் கிரைண்டர் செய்கிறவர். பெரிய கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு தகரக் கொட்டகை. மோட்டார் ஓரிடத்தில், கல் ஓரிடத்தில், ஒயர் ஓரிடத்தில் என்று வாங்கி வந்து கோத்து, மூடியில் தூக்கணாங்குருவி படம் ஒட்டி விற்பார். எங்கள் அப்பா காங்கேயம் பக்கம் ஒருவருடைய தோட்டத்தில் காலமெல்லாம் கூலி வேலை செய்தவர். அவர் மகன் பேரில் ஒரு போர்டு தொங்குகிறது என்பதே எங்கள் வீட்டில் இன்னும் பழகிப்போகாத ஆச்சரியம்.

கிரைண்டர் அவர் செய்வார், விளம்பரம் நான் எழுதுவேன். இங்கே உட்கார்ந்துகொண்டு, "பூவாட்ட இட்லி வேணுங்களா? குருவி இருக்குதுங்க!" என்று எழுதி அனுப்புவேன். ஜூடித்துக்குத் தமிழ் தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் பொள்ளாச்சி வரைக்கும் சுவர் சுவராக அதுதான். அந்த விளம்பரத்தில் வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பது ஜெயமணி, என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. மேட்டுப்பாளையத்தில் வாக்கப்பட்டு, வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். காலையில் ஆட்ட ஆரம்பித்தால் மதியம் வரை கிரைண்டர் ஓயாது. பழைய கிரைண்டர் போனதும், எங்கண்ணனிடம் வாங்கு என்று சொன்னது நான்தான். வாங்கினாள். சிவப்பு சுவிட்ச் வைத்த புது மாடல்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் கூப்பிட்டார்.

"அம்மணி, வேலையா இருக்கறயா?"

"பரவால்லண்ணா, சொல்லு."

"சாப்டாச்சா? மாப்பிள்ளை நல்லா இருக்காரா? பெக்கிக் கண்ணு பள்ளிக்கொடம் போயிருக்குதா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நானும் திருப்பிக் கேட்டேன். மழை பெய்ததா என்று பேசினோம். சிறுவாணித் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பேசினோம். அதற்கப்புறம்தான் அண்ணன், "ஒண்ணுமில்ல அம்மணி, ஒரு சின்ன விசயம்" என்றார். எங்கள் ஊரில் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

காங்கேயத்தில் ஒரு வீட்டில் கிரைண்டரைத் தொட்ட அம்மாவைக் கரண்ட் தூக்கி எறிந்திருக்கிறது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அண்ணன் ஓடிப்போய்க் கிரைண்டரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒயர் கொடுக்கிறவன் ஒரு தடவை மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறான். மோட்டார் சூடாகச் சூடாக ஒயரின் மேலுறை இளகி, கரண்ட் வெளித் தகட்டில் இறங்குகிறது. அந்த ஒயர் போட்டதெல்லாம் சிவப்பு சுவிட்ச் மாடல். மொத்தமும் விற்றுத் தீர்ந்துவிட்டது. எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கேரண்டி அட்டையை நம் ஜனங்கள் என்றைக்கு நிரப்பி அனுப்பினார்கள்?

"எந்தப் பொம்பளைக்காச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா நா என்ன பண்ணுவேன் அம்மணி" என்று அண்ணன் அழுதுவிட்டார். எழுத்தில் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். "கம்பெனி போனாப் போகுது. நீ அழகா ஒரு அறிக்கை எழுதிக் குடு. நா ஒண்ணு எழுதி வெச்சிருக்கறேன், சித்த திருத்திக் குடுத்தாலும் சரி" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். பேரன்புக்குரிய வாடிக்கையாளப் பெருமக்களின் மேலான சமூகத்துக்கு என்று தொடங்கியது. ஒரு சிறு தொழில்நுட்பக் காரணத்தை முன்னிட்டு, தங்களுக்குச் சிரமமில்லாத சமயத்தில், கிரைண்டரை அருகிலுள்ள கடையில் ஒரு எட்டு காட்டிச் செல்லும்படி தாழ்மையுடன் வேண்டிக்கொண்டது. கரண்ட் என்ற சொல்லே அதில் இல்லை. கேட்டதற்கு, "அப்பிடிப் போட்டா பயந்துக்குவாங்களே அம்மணி" என்றார்.

பயப்படத்தானே அண்ணா வேண்டும் என்று கத்தினேன். ஜூடித் எனக்குச் சொன்ன அத்தனையையும் அவருக்குச் சொன்னேன்.

3

நான் எழுதிக் கொடுத்தது இது:

"தூக்கணாங்குருவி கிரைண்டரில் கரண்ட் அடிக்கிறது. உயிர் போகும். சிவப்பு சுவிட்ச் வைத்த கிரைண்டரை இனி ஓட்டாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். வாங்கிய கடைக்குச் சொல்லுங்கள்."

அண்ணன் அதை இரண்டு தடவை படித்தார்.

"நம்ம எழுதுன மாதிரியே இல்லியே அம்மணி. போலீஸ்காரன் அதட்டற மாதிரி இருக்குது. எல்லாம் நம்மள நம்பி வாங்குனவிய. ஒரு வணக்கம்கூட வேண்டாமா?"

"வேண்டாண்ணா. வணக்கம் படிக்கற நேரத்துல கையை வெச்சுருவாங்க."

"செரி, படிச்ச புள்ளை நீ. உன்ற இஷ்டம்" என்று தன் போனிலிருந்தே எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினார். கடைக்காரர்கள் குழு, சர்ச் குழு, தெருக் குழு, ஒன்றையும் விடவில்லை. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் சொல்லக் காங்கேயம் பக்கம் கிளம்பினார். எனக்கு ஒரு பெருமை, பொய் சொல்வானேன். என் தொழில் என் வீட்டுக்கு உதவிய முதல் நாள் அது. ஜெயமணிக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவளும் குழுவில் இருக்கிறாளே, எழுதியதே போதும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை கடை கண்ணிக்கெல்லாம் போய்விட்டு, சாப்பிட்டு, சாவகாசமாகப் போனைத் திறந்தால், நானும் இருக்கிற குழுக்களில் பதில்கள் வந்து குவிந்திருந்தன. அன்னூர்க் கடைக்காரர் எழுதியிருந்தார்: "வணக்கமுங்க. நம்ம சாமுவேலண்ணன் வளர்றது பொறுக்காம எவனோ அவரு பேருல பொரளி கெளப்பறானுங்க. யாரும் நம்ப வேண்டாமுங்க." அதற்குக் கீழே கும்பிடு கும்பிடாக வந்திருந்தது. இன்னொருவர், "அண்ணன் பூனையக்கூட போங்கன்னுதான் வெரட்டுவாருங்க. இது அவரு எழுத்தே இல்லீங்க" என்று சாட்சி சொல்லியிருந்தார். நடுவில் அண்ணன் பதறிப்போய், நான்தான் எழுதினேன், நிஜந்தான் என்று போட்டிருந்தார். நான் படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்திருந்தேனே, அதனால் அதையும் வணக்கம் இல்லாமல் மொட்டையாகப் போட்டிருந்தார். "அண்ணன் போனையே புடிச்சுட்டானுங்க போல, உசாருங்க" என்று முடித்துவிட்டார்கள்.

நான் எழுதிய விளம்பரத்தை அத்தனை பேரும் நம்பினார்கள். பூவாட்ட இட்லி என்றேன், நம்பினார்கள். உயிர் போகும் என்கிறேன், சிரிக்கிறார்கள். விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குரலில் வந்துவிட்டது. மரியாதை இல்லாமல் எங்கள் ஊரில் எதிரிதான் பேசுவான். பெற்றவர்களும் பேசுவார்கள், ஆனால் அண்ணன் அந்தக் குழுவில் யாரையும் பெற்றவர் இல்லையே.

ஜெயமணியிடமிருந்தும் ஒரு குரல் பதிவு வந்திருந்தது.

"ஏ எஸ்தரு, உங்கண்ணன் பேருல எவனோ வேலையத்தவன் என்னமோ போட்டு உட்டிருக்கான், பாத்தியா? எனக்குக் கெரகம், சிரிப்பு அடக்க முடியல. நா எல்லாத்துக்கிட்டயும் சொல்லிப்போட்டேன், அதெல்லாம் பொய்யி, நீங்க பாட்டுக்கு ஆட்டுங்கன்னு. தெனமும் நா ஆட்டலயா? எனக்கென்ன ஆச்சு?"

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இங்கே மத்தியானம் என்றால் அங்கே காலை. இந்நேரம் அவள் கை முழங்கை வரைக்கும் மாவில் இருக்கும். காலடியில் அரிசி கழுவிய தண்ணீர் நிற்கும். செருப்புப் போட மாட்டாள், அரிசி புழங்குகிற இடத்தில் செருப்பா என்பாள். நிஜம்டி, நிறுத்து என்று எழுதி அனுப்பினேன். படித்ததற்கான அடையாளமே வரவில்லை. அடுத்து அவள் வீட்டுக்காரர் கதிர்வேலின் எண்ணைத் தேட ஆரம்பித்தேன்.

4

அந்த நேரத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தது பெக்கி. என் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். முந்தின நாள் ராத்திரி நான் வீட்டில் சொன்னதும் இப்போது புலம்பியதும் எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

பெக்கியின் தமிழைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சின்னதில் என்னிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கதை, கேலி, கோபம், ரகசியம் எல்லாம் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்குக் குடிபோயின. தமிழ் என் பக்கத்தில் மட்டும் மிஞ்சியது. அதுவும் அவளை வேலை ஏவுவதற்கு. எழு, குளி, சாப்பிடு, எடு, வை, நிறுத்து, படு. வருஷக்கணக்காக அவள் காதில் விழுந்த தமிழ் இவ்வளவுதான். போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, வீடு நிறைய ஜனம் இருக்க, என் அண்ணனைப் பார்த்து, "மாமா, நீ இங்கே வா. உட்காரு" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அண்ணன் மட்டும் "வாரேன் கண்ணு" என்று போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூனிக் குறுகிப்போனேன். பிள்ளையை என்ன லட்சணத்தில் வளர்த்திருக்கிறாள் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

கதிர்வேலின் எண் கிடைத்தது. போட்டேன். பெக்கியும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில்தான் போட்டேன். எடுத்துவிட்டார்.

"அலோ, எஸ்தரம்மணிங்களா! ஏனுங்க, நல்லா இருக்கீங்ளா?"

அவர் குரலுக்குப் பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. கடகடவென்று, தெளிவாக.

"நல்லா இருக்கோமுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கோமுங்க. ஊட்ல அவரு சௌக்கியமுங்ளா? பாப்பா படிக்குதுங்ளா?"

"படிக்குதுங்க."

"அங்க இப்ப குளிருங்ளாமா?"

"குளிரு கம்மிதானுங்க. காத்துதான் ஜாஸ்திங்க" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் சிநேகிதியின் புருஷன், என்னைவிட மூத்தவர், நலம் விசாரிக்கிறார். நடுவில் வெட்டிப் பேச என் வாய் திறக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு கேள்வி, முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"ஜெயமணி இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"மாவு ஆட்டிட்டு இருக்குதுங்க. கையெல்லாம் மாவு. அவசரமுங்ளா? இல்லீன்னா சித்த பொறவு கூப்படச் சொல்லட்டுங்ளா?"

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க..."

ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தேன், அண்ணனைப் போலவே. அடுத்த வார்த்தையில் விஷயத்துக்கு வரத்தான் இருந்தேன். பெக்கி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அங்கிள்! கிரைண்டரை நிறுத்து! அது கரண்ட் அடிக்கும், ஆன்ட்டி செத்துப் போகும்! நீ அதைத் தொடாதே! மெயினை ஆஃப் பண்ணு! பேசாதே, போ! இப்பவே போ!"

அந்தப் பக்கம் போன் எங்கோ விழுகிற சத்தம், ஓடுகிற சத்தம். கிரைண்டரின் கடகடப்பு இழுத்து இழுத்து நின்றது. அந்த அமைதியில் ஜெயமணியின் குரல் கேட்டது. "ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்ளா? இன்னும் ஒரு ஈடு கெடக்குதே!" என்று சலித்துக்கொண்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அழுகை நிற்கவே இல்லை.

பெக்கி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டு, ஆங்கிலத்தில்தான் கேட்டாள்:

"அம்மா, நீ ஏன் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய்?"

5

அண்ணனின் ஆள் அன்றைக்கே மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தான். மோட்டார் இன்னும் சூடாக இருந்ததாம். ஜெயமணியை வாசலில் நிறுத்திவிட்டு, கிரைண்டரை ஓடவிட்டு, வெளித் தகட்டில் டெஸ்டரை வைத்திருக்கிறான். பளிச்சென்று எரிந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் ஜெயமணி ஒன்று சொன்னாள். நாலைந்து நாளாகவே கை சுருசுரு என்று இருந்ததாம். உளுந்து மாவு கையை அரிக்கிறது என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு ஆட்டியிருக்கிறாள்.

பெக்கிக்கு நான் என்ன பதில் சொல்வது? ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது, அதைச் சொன்னேன். அப்பா வேலை செய்த தோட்டத்தில், முதலாளி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் பாம்பு. அப்பா பார்த்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங்க சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க, அப்பிடிக் காலை மட்டும் சித்த மேல எடுத்துக்கறீங்ளா, கீழ பாம்பு கெடக்குதுங்க" என்றாராம். பாம்பு கடிக்கவில்லை, போய்விட்டது. அதனால் எங்கள் வீட்டில் அது சிரிப்புக் கதை. அப்பாவே நடித்துக் காட்டுவார், நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

பெக்கி சிரிக்கவில்லை. "தாத்தா ஏன் கத்தவில்லை?" என்றாள்.

கத்தியிருந்தால், கூலிக்காரன் என்னை அதட்டினான் என்பதுதான் அந்த முதலாளி காதில் விழுந்திருக்கும். பாம்பு அப்புறம்தான் தெரிந்திருக்கும். மறுநாள் வேலை இருக்காது. அப்பா அந்த வீட்டுச் சின்னப் பையன்களைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டார். எங்கள் பேச்சு தேன் என்று ஊரார் சொல்கிறபோது நானும் பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுத் தேனில் பாதி பயம். என் அண்ணன் முதலாளி ஆனார், நான் கடல் கடந்து வந்தேன், அந்தப் பயம் மட்டும் எங்களை விட்டு இறங்கவே இல்லை. பெக்கிக்கு அது தெரியாது. யாரைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அவளுக்குத் தமிழ் போய்விட்டதே என்று இத்தனை வருஷம் அழுதேன். இந்தப் பயமும் கூடவே போயிருக்கிறது, அதை மட்டும் கவனிக்கவில்லை.

6

இரண்டாவது அறிவிப்பை நாங்கள் எழுதவில்லை, பேசினோம். முதலில் அண்ணன் தன் குரலில்: "ஏனுங்க, நா சாமுவேலுங்க. வணக்கமுங்க. நேத்து வந்தது பொய்யில்லீங்க, நாந்தானுங்க அனுப்பினேன். இப்ப என்ற தங்கச்சி மவ பேசும். அதுக்கு ஒழுக்கமாப் பேசத் தெரியாதுங்க, மன்னிச்சுக்கோங்க. ஆனா அது சொல்றத மட்டும் அப்பிடியே கேளுங்க சாமி." அதற்கப்புறம் பெக்கி, மேட்டுப்பாளையத்துக்குச் சொன்ன அதே தோரணையில்.

திட்டித் தீர்த்தார்கள். பெரியவங்களைப் பிடித்து போ, நிறுத்து என்கிறதே, இதென்ன பிள்ளை என்று அன்னூர்க் கடைக்காரர் அண்ணனிடம் வருத்தப்பட்டார். ஆனால் கிரைண்டரை நிறுத்திவிட்டுத்தான் வருத்தப்பட்டார். ஜெயமணி தன் வாடிக்கைக்காரர்களிடம், "அந்தப் புள்ளைக்கு மருவாதியும் தெரியாது, பொய்யும் தெரியாது, போய் நிறுத்துங்க" என்று சொல்லி அனுப்பினாளாம். ஆட்டோவிலும் ஸ்கூட்டரின் முன்பக்கத்திலும் கிரைண்டர்கள் கணபதிக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. தகரக் கொட்டகைக்குள் இடமில்லாமல் வாசலில் அடுக்கியிருக்கிறார்கள். கம்பெனி இதற்கப்புறம் நிற்குமா என்று தெரியவில்லை. அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எத்தனை வந்தது என்பதைவிட எது வரவில்லை என்பதுதான் அவர் கவலை, என் கவலையும்.

ஏனென்றால் எல்லாம் இன்னும் வந்து சேரவில்லை. வால்பாறையில் எஸ்டேட் ஜனங்களுக்கு விற்ற கடை மூடிக்கிடக்கிறது, யார் வாங்கினார்கள் என்று சொல்ல ஆளில்லை. சீர்வரிசையோடு வெளியூருக்குப் போனவை இருக்கும். மகள் வீட்டுக்கு, மருமகள் வீட்டுக்கு என்று பெட்டி கட்டிப் போனவை இருக்கும். இங்கே என் அலுவலகத்தில் குழாய்த் திறப்பு விழாவுக்கு இனிக்க இனிக்க எழுதிக்கொண்டிருக்கும்போது, எங்கோ ஒரு சமையல்கட்டில் ஒருத்தி ஈரக் கையோடு குனிகிறாள் என்று தோன்றும். எழுதுவது அப்படியே நின்றுவிடும்.

அதனால்தான் உங்களுக்கு இந்தக் கட்டுரை. வெளிநாட்டில் இருக்கிறவள் ஊரை நினைத்து எழுதினால் நீங்கள் விரும்பிப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சுருக்கமாக எழுதினால் புரளி என்பீர்கள், பார்த்தேனே. எனவே வணக்கம், நலம், என் வேலை, என் மகள், என் அப்பா என்று எல்லாம் சொல்லி, என் குரல்தான் இது என்று நீங்கள் நம்பும் வரைக்கும் பேசிவிட்டேன். நம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இப்போது எழுந்து போய் உங்கள் சமையல்கட்டைப் பாருங்கள். மூடியில் தூக்கணாங்குருவி, முன்னால் சிவப்பு சுவிட்ச்.

இருந்தால் தொடாதே. மெயினை அணை. அப்புறம் பிளக்கைப் பிடுங்கு. இன்னும் என்ன படித்துக்கொண்டிருக்கிறாய், போ.